ஸித்ராவும் ஐந்நூறு ரூபாயும்

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு சிறுகதை எழுதினேன். இரவுக் காவற்காரர் ஒருவருடைய மகள், எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். அவளுக்குக் கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியாது. கண்ணாடி வேண்டும் என்று கேட்டால் அப்பா என்ன பாடுபடுவார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே எல்லாம் தெரிகிற மாதிரி நடித்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதி, 'காப்பி அடிக்கிறவள்' என்ற பெயரையும் வாங்கிக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. கடைசி வரியிலும் கண்ணாடி வரவில்லை.

கதை வெளிவந்த இரண்டாம் வாரம் எனக்கு ஒரு மணியார்டர் வந்தது. 500 ரூபாய். மறுநாள் ஒரு கடிதமும் வந்தது. எழுதியவர் ஒரு சிற்றூரில் ஓய்வு பெற்று இருந்த ஆசிரியை. கதை நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அந்த அம்மாள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தக் குழந்தைக்கு இந்தப் பணத்தில் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட வேண்டும், அதுவரையில் அவளை முன் பெஞ்சில் உட்கார்த்தி வைக்கும்படி டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்தக் குழந்தை எங்கும் கிடையாது. நான் சிருஷ்டித்த பாத்திரம் அவள்.

அந்தப் பணத்தை என்ன செய்தேன் என்பதைக் கட்டுரையின் கடைசியில் சொல்லுகிறேன். இத்தனை காலம் நான் மறந்தே போயிருந்த விஷயம் இது. இதை மறுபடியும் ஞாபகப்படுத்தியது ஒரு படம். சினிமாக் கொட்டகையில் பார்க்கிற படமல்ல. தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்க வேண்டிய படம்.

என் அக்கா மகன் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வி.ஆர். கண்ணாடியைக் கொண்டுவந்து, என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைச் சுற்றிக் கட்டிவிட்டான். "மாமா, சும்மா நேரே பார்த்துக்கிட்டு உட்காரக்கூடாது. கழுத்தைத் திருப்பிப் பாருங்க. பின்னாலேயும் உலகம் இருக்கு" என்றான். பின்னாலும் உலகம் இருப்பதை நாற்பது வயசுக்கு மேல் ஒருவன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது!

படத்தின் பெயர் 'க்ளவுட்ஸ் ஓவர் ஸித்ரா'. ஸித்ராவின் மேலே மேகங்கள் என்று சொல்லலாம். 2015-ல் வெளிவந்தது. கேபோ அரோராவும் கிரிஸ் மில்க்கும் சேர்ந்து, ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்துக்காக எடுத்தது. சுமார் 8 நிமிஷம் ஓடுகிறது. ஸித்ரா பன்னிரண்டு வயசுச் சிறுமி. சிரியாவில் தரா மாகாணத்தைச் சேர்ந்தவள். யுத்தத்துக்குத் தப்பி, ஜோர்டானில் ஸாத்தாரி என்ற அகதி முகாமில் குடும்பத்தோடு ஒன்றரை வருஷமாக இருக்கிறாள். 2012-ல் பாலைவனத்தில் கூடாரங்களாகத் தொடங்கிய இடம் அது. படம் எடுத்த காலத்தில் 80,000 பேருக்கு மேல் வசித்த ஊராகவே ஆகிவிட்டிருந்தது. ஸித்ரா என்பதை நம் காது சித்ரா என்றே வாங்கிக்கொள்கிறது. நம் தெருவில் ரெட்டைப் பின்னலோடு போகிற எந்தச் சித்ராவையோ நினைத்துக்கொள்கிறோம். அரபியில் அந்தப் பெயர் நம் இலந்தையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தைக் குறிக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெயிலிலும் வறட்சியிலும் நிற்கிற மரம். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முதலில் படத்தின் நல்ல அம்சங்களைச் சொல்லிவிடுகிறேன். பிணம் இல்லை, ரத்தம் இல்லை, ஓலம் இல்லை. உதவி கேட்டு எடுக்கப்பட்ட படம் என்றால் எலும்பு தெரிகிற குழந்தையும் ஈ மொய்க்கிற முகமும் வரும் என்று எதிர்பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே வருவன ஒரு சிறிய அறை, பள்ளிக்கூடம், ரொட்டி சுடுகிற இடம், கம்ப்யூட்டரில் யுத்த விளையாட்டு ஆடுகிற பையன்கள், பந்து விளையாடுகிற பெண் குழந்தைகள். ஊரில் இருந்தபோது பெண்கள் கால்பந்து ஆடியதில்லை, இங்கே ஆடுகிறோம் என்று ஸித்ரா சந்தோஷத்தோடு சொல்லுகிறாள். அகதி முகாமிலும் ஒரு சந்தோஷம் முளைக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுகிற படத்தின் மேல் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. துக்கத்தை மட்டுமே காட்டுகிறவன் எங்கோ கை வைத்து அழுத்துகிறான் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது உடற்பயிற்சிக் கூடம். இளைஞர்கள் பளு தூக்குகிறார்கள். திரும்பிப் போகிற பிரயாணத்துக்குப் பலம் வேண்டும், அதற்காகத்தான் தூக்குகிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை ஸித்ரா நமக்குச் சொல்லுகிறாள். சொல்லிவிட்டு, தன் அபிப்பிராயம் வேறு என்கிறாள். கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கு ஆசை, அவ்வளவுதான் என்கிறாள். இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அறையில் இருந்த மற்றவர்களுக்கு நான் எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் ஸித்ரா 'அகதி' என்ற பொதுப் பெயரிலிருந்து விடுபட்டு, வாயாடியான, கண் கூர்மையான ஒரு தனிப் பெண்ணாகிவிடுகிறாள். நாவலாசிரியன் ஐம்பது பக்கம் எழுதியும் சில சமயம் கிடைக்காத காரியம் இது.

தங்களுக்கு மேலே போகிற மேகங்களும் சிரியாவிலிருந்துதான் வந்திருக்கின்றன என்று டீச்சர் சொன்னதாக அவள் சொல்லுகிறாள். ஒரு நாள் அந்த மேகங்களும் தானும் திரும்பிப் போவோம் என்றும் சொல்லுகிறாள். கடைசியில் குழந்தைகள் கூட்டமாக வந்து நம்மைச் சுற்றி வட்டமாக நிற்கிறார்கள். படம் முடிகிறது.

கண்ணாடியைக் கழற்றியபோது என் கண் ஈரமாக இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் விமரிசகனுக்குக் கண் ஈரம் ஒரு சாட்சிதான், அதுவே தீர்ப்பாகிவிடாது.

ஏனென்றால் இந்தப் படம் பணம் திரட்டுவதற்காகப் பயன்பட்ட படம். 2015 ஜனவரியில் ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸ் நகரத்தில் உலகத்துப் பெரிய பணக்காரர்களும் மந்திரிகளும் கூடியபோது அவர்கள் தலையில் இதை மாட்டினார்கள். அதே வருஷம் மார்ச்சில் குவைத்தில் சிரியாவுக்கு உதவி கோரி நடந்த மாநாட்டிலும் காட்டினார்கள். அந்த மாநாட்டில் 380 கோடி டாலர் தருவதாக வாக்குறுதிகள் கிடைத்தன. படம் பார்த்ததால்தான் இந்தத் தொகை வந்தது என்று சொல்லுகிறவர்களை நான் நம்பமாட்டேன். அரசாங்கத்தின் கஜானா 8 நிமிஷக் கண்ணீரில் திறப்பதில்லை. ஆனால் வீதியில் நின்று சாதாரண ஜனங்களிடம் நிதி கேட்கிற யூனிசெஃப் தொண்டர்களும் இதைக் கையாண்டார்கள். பார்த்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார், இது வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு என்று கணக்குச் சொன்னார்கள். அதை நம்புகிறேன். நானே அந்த ஆறில் ஒருவனாக ஆகியிருப்பேன்.

படம் பலிக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. பலிப்பதெல்லாம் சரிதானா என்பதுதான் கேள்வி.

2015-ல் ஒரு மேடையில் கிரிஸ் மில்க், இந்தச் சாதனம் மனிதர்களிடையே பரிவை உண்டாக்குகிற உன்னதமான யந்திரம் என்று பேசினார். ஜன்னல் வழியே பார்ப்பது போலல்லாமல், அவளோடு ஒரே அறையில், ஒரே தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர் வாதம். அடுத்த வருஷமே பால் ப்ளூம் என்ற மனோதத்துவப் பேராசிரியர் பரிவுக்கு எதிராகவே ஒரு புஸ்தகம் எழுதினார். ஒரு முகத்தைப் பார்த்து உருகுகிற மனசு, முகம் தெரியாத ஆயிரம் பேரை மறந்துவிடும் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் புத்திசாலிகள். ஆனால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கிறேன்.

ஸித்ராவின் அறையில் நான் குனிந்து பார்த்தேன். என் கால்கள் இல்லை. கைகள் இல்லை. அவர்கள் வீட்டில் நான் ஒரு பேய் மாதிரி இருந்தேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிடிக்காவிட்டால் தலையிலிருந்து கழற்றிவிடலாம். அகதியாக இருப்பது என்றால் என்ன? கழற்ற முடியாமல் இருப்பதுதான். அந்த ஒன்றைத் தவிர மற்றதை எல்லாம் எனக்குக் காட்டிவிட்டு, 'நீ அவளாக இருந்து பார்த்துவிட்டாய்' என்று யாராவது சொன்னால் அது பொய். நான் ஸித்ராவாக ஆகவில்லை. ஸித்ராவின் வீட்டுக்கு அழையாமல் போன விருந்தாளியாக இருந்தேன். விருந்தாளிக்கு உரிய கூச்சம் இருந்தால் அதிலிருந்து நல்லது பிறக்கலாம். வீட்டுக்காரனாகிவிட்ட அகந்தை வந்தால் ஒன்றும் பிறக்காது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். தரா மாகாணம் சாதாரண இடமல்ல. 2011 மார்ச்சில் சிரியாவின் கிளர்ச்சி பெரிதாகப் பற்றிக்கொண்ட இடம் அது. படத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. யார் சுட்டார்கள், யார் துரத்தினார்கள் என்பது இல்லை. மழையோ புயலோ வந்து வீடிழந்தவர்கள் போல அந்த ஜனங்கள் நிற்கிறார்கள். காரணம் சொன்னால் கொடுக்கிறவர்கள் கட்சி பிரிந்துவிடுவார்கள், கை பின்வாங்கும் என்ற பயமாக இருக்கலாம். நிதி கேட்கிறவனுக்கு அது நியாயம். ஆனால் கதை சொல்லுகிறவனுக்கு நியாயமாகாது.

மெய்நிகர் உலகங்களில் தர்மம் கேட்பதற்கு இது ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடக் கூடாது. என் அக்கா மகன் வேறு இரண்டு வழிகளையும் சொன்னான். அவை கண்ணீரின் பக்கமே போவதில்லை.

ஒன்று, கடை வழி. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டில் 2009-ல் ஒரு குட்டிப் பிராணியை விற்றார்கள். கரடி முகத்துடன் துறவி வேஷத்தில் ஆட்டக்காரனின் பின்னாலேயே ஓடிவரும். விலை 10 டாலர். அந்த வருஷக் கடைசி வரையில் பாதிப் பணம், கடும் நோயாளிக் குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றுகிற 'மேக் எ விஷ்' ஸ்தாபனத்துக்கு. அப்படிச் சேர்ந்தது 11 லட்சம் டாலர். 2018 மே மாதத்தில் 'ஓவர்வாட்ச்' என்ற விளையாட்டில் மெர்ஸி என்ற வைத்தியப் பாத்திரத்துக்கு இளஞ்சிவப்பு உடை ஒன்றை 15 டாலருக்கு இரண்டு வாரம் விற்றார்கள். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போன தொகை 1 கோடி 27 லட்சம் டாலர். மெர்ஸி என்றால் கருணை. கருணைக்கு உடை வாங்கிப் போட்டிருக்கிறார்கள்!

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கோயிலில் ட்யூப் லைட் உபயம் செய்தவர் தம் பெயரை விளக்கு மறைகிற மாதிரி எழுதிவைப்பாரே, அதுதான் ஞாபகம் வந்தது. யோசித்துப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த வியாபாரத்தில் ஒரு யோக்கியதை இருக்கிறது. வாங்குகிறவன் தனக்கு நோயாளியின் வேதனை புரிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதில்லை. எந்த நோயாளியின் முகமும் இங்கே முதலாக வைக்கப்படவில்லை. காசு கொடுத்தான், உடை கிடைத்தது, பணம் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. குறை என்னவென்றால், கொடுத்தவனுக்கு உடை ஞாபகம் இருக்கும். எதற்குக் கொடுத்தோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, அண்டை வீட்டு வழி. 'செகண்ட் லைஃப்' என்பது 2003-ல் திறந்த ஒரு மெய்நிகர் ஊர். அங்கே ஜனங்கள் தாங்கள் விரும்பிய உருவத்தில் வீடு கட்டி வாழ்கிறார்கள். 2005 முதல் அங்கே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஒரு நடை நடக்கிறது. நிஜ ஊர்களில் நடக்கிற நடையைப் போலவே ஒரு பாதை போட்டு, சிறகு முளைத்தவர்களும் நரி முகம் வைத்தவர்களும் சேர்ந்து சுற்றி வருகிறார்கள். நோயில் இறந்தவர்கள் பெயரில் பாதையோரம் விளக்கு ஏற்றுகிறார்கள். அந்த ஊர்ப் பணத்தை உண்டியலில் போட்டால் அது நிஜ டாலராக மாறிப் போகிறது. உருவம் எல்லாம் வேஷம். விளக்கில் இருக்கிற பெயர் மட்டும் வேஷமல்ல. அவரவர் தம் தாயையோ தமையனையோ நினைத்து ஏற்றிய விளக்கு அது. இங்கே ஒருவர் துக்கத்தை இன்னொருவர் எடுத்துக் காட்டிக் கேட்பதில்லை. தன் துக்கத்தைத் தானே கொண்டுவந்து, பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்கிறான். மூன்று வழிகளில் இதுதான் எனக்கு மிகவும் மனசுக்குப் பிடித்தது.

ஆனால் ஸித்ரா யாருக்கும் பக்கத்து வீடு அல்லவே! அவளால் டாவோஸுக்கு வர முடியாது. என் வீட்டுக்கு வர முடியாது. தூரத்தில் இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு வர யாராவது வேண்டும். அதனால்தான் கதை இருக்கிறது. 1843-ல் சார்லஸ் டிக்கன்ஸ், சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் குழந்தைகள் படுகிற பாட்டைப் பற்றிய அறிக்கையைப் படித்துக் கொதித்து, ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட முதலில் எண்ணினார். அந்த எண்ணத்தைக் கைவிட்டு, அந்த வருஷக் கடைசியில் 'கிறிஸ்மஸ் கரோல்' கதையை வெளியிட்டார். பிரசுரத்தைவிடக் கதை பலமாக அடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் கதையைக் கொண்டு மனசைத் திறப்பது புதிய குற்றமுமல்ல, புதிய கண்டுபிடிப்புமல்ல. தலையில் மாட்டுகிற பெட்டிதான் புதிது.

அதன் பழைய ஆபத்தையும் ஒருவர் சொல்லிவைத்திருக்கிறார். 1890-ல் வில்லியம் ஜேம்ஸ் தம் மனோதத்துவ நூலில் ஒரு ருஷ்யச் சீமாட்டியைக் காட்டுகிறார். நாடகத்தில் வருகிற கற்பனை மனிதர்களுக்காக அவள் உள்ளே அழுகிறாள். வெளியே அவளுடைய வண்டிக்காரன் குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். ஜேம்ஸ் அழக் கூடாது என்று சொல்லவில்லை. அழுதபின் ஏதாவது ஒரு காரியம், மிகச் சின்னதானாலும் சரி, செய்துவிட வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் அழுவதே பழக்கமாகி, செய்வது மறந்துவிடும்.

இந்த இடத்தில்தான் ஸித்ராவின் கண்ணாடி எனக்குத் திரும்ப வந்தது. பலத்துக்காகத் தூக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கிற இளைஞர்கள்! தன்னைப் பார்க்க வந்திருக்கிற நம்மையும் அந்தப் பெண் சேர்த்துத்தான் சொல்லிவிட்டாளோ என்று தோன்றுகிறது. டாவோஸில் அதைப் பார்த்து உருகியவர்கள் பிரயாணத்துக்குப் பலம் சேர்த்தார்களா, கண்ணாடியில் தங்கள் கருணை முகத்தைப் பார்த்துக்கொண்டார்களா? படம் எடுத்தவர்களின் மேடைப் பேச்சைவிட அந்தப் பன்னிரண்டு வயசுக் குழந்தைக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. அவளுடைய அந்த வாக்கியத்தை வெட்டாமல் விட்டுவைத்ததற்காகவே படத்தை நல்ல படம் என்று சொல்லுவேன். கடைசிக் காட்சியில் குழந்தைகளை நம்மைச் சுற்றி நிற்கவைத்து, பார்க்கிறவனை நடுநாயகமாக்கியதற்காக, மகத்தான படம் என்று சொல்லமாட்டேன்.

2024 டிசம்பரில் சிரியாவில் அந்த ஆட்சி விழுந்தது. ஸாத்தாரியிலிருந்தும் குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கின. மேகங்கள் திரும்பிவிட்டன என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பிப் போனவர்களுக்கு இடிந்த வீடு இருக்கிறது. இன்னும் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். படத்தில் மட்டும் ஸித்ராவுக்கு என்றைக்கும் பன்னிரண்டு வயசு. நாம் உருகுவது அந்தப் பன்னிரண்டு வயசுக்கு. உதவி தேவைப்படுவது அதற்குப் பின்வந்த வருஷங்களுக்கு.

இனி அந்த 500 ரூபாய்.

மணியார்டர் வந்தபோது எனக்கு உண்டானது வெட்கமல்ல, பெருமை. அந்த அம்மாளின் கடிதத்தைப் பத்துப் பேரிடமாவது காட்டியிருப்பேன். என் கதையைப் படித்து ஒருவர் பணமே அனுப்பிவிட்டார் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பணத்தை மேஜை டிராயரில் போட்டேன். பதில் எழுத வேண்டும், இல்லாத பெண்ணுக்குப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று எப்படி எழுதுவது என்று தள்ளிப் போட்டேன். ஒரு மாசக் கடைசியில் காஸ் சிலிண்டர் வந்தபோது வீட்டில் கேட்டார்கள். டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். அப்படிச் செலவாயிற்று. பதிலும் எழுதவில்லை. வண்டிக்காரனைக் குளிரில் விட்ட சீமாட்டியாவது அவன் கூலியை எடுத்துச் செலவழிக்கவில்லை.

படம் பார்த்த மறு வாரம் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை அம்மாளிடம், கண்ணாடி இல்லாமல் சிரமப்படுகிற குழந்தைகள் யாராவது உண்டா என்று கேட்டேன். "யாராவதா? வகுப்புக்கு ரெண்டு பேர் இருக்காங்க, சார். கேட்டா, நல்லாத் தெரியுதுன்னு சொல்லிடுவாங்க. நாமதான் கண்டுபிடிக்கணும்" என்றார். என் கதையை அவர் படித்ததில்லை. படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

15 வருஷத்து வட்டியையும் சேர்த்து ஒரு தொகை கொடுத்தேன். ரசீது யார் பெயரில் என்று கேட்டார். அந்த ஓய்வு பெற்ற ஆசிரியையின் பெயரைச் சொன்னேன்.

"உங்களுக்கு உறவா?"

"இல்லை. அவருக்கு நான் கொஞ்சம் பாக்கி" என்றேன்.